மூணு வரி எழுதுவோம், தினமும் எழுதுவோம்



போன மாதக் கூட்டங்களில் ஒரு கேள்வி கேட்டேன். "கடைசியா நீங்க கையெழுத்தைத் தவிர வேற என்ன எழுதினீங்க?" நிறைய பேர் சிரிச்சாங்க. ஒரு அக்கா மட்டும், "பால் கணக்கு எழுதுவேன், அதுவும் கோடு கோடா" என்றார். பள்ளிக்கூடம் போனவர்கள்கூட எழுதுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதனால்தான் இந்த மாதப் பாடம் எழுதுவதைப் பற்றி.

முதலில் நம் கூட்டமைப்பில் நடந்த ஒரு விஷயம். பெயர் வேண்டாம். கணவரை இழந்த ஒரு உறுப்பினர், உதவித்தொகை கேட்டுத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனார். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து மனு எழுதி வாங்கினார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த மனுவில் "ஆதரவற்ற விதவை உதவித்தொகை" என்ற வார்த்தையே இல்லை. "வாழ்வாதாரத்துக்கு உதவி செய்ய வேண்டும்" என்றுதான் இருந்தது. மனு வேறு பிரிவுக்குப் போய், "குழு மூலம் கடன் பெறலாம்" என்று பதில் வந்தது. நாலு மாசம் வீண்.

எழுதினவர் ஏமாத்தலை. அவர் புரிஞ்சுக்கிட்டதை எழுதினார். நம் அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனா, "எழுத்தெல்லாம் நமக்கு எதுக்கு, கையெழுத்துப் போட்டா போதும்" என்று இருந்துவிட்டார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே?

புதுக்கோட்டைப் பெண்கள் செய்தது

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நடந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கியது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்கும் கல் குவாரி வேலைக்கும் போன பெண்கள், வேலை முடிந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கைநாட்டு வைத்தவர்கள் மனுவில் தங்கள் பெயரை எழுதி, அதை அலுவலகத்துக்குத் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் எழுத்து அழகாக இருந்ததா, பிழை இல்லாமல் இருந்ததா என்பது பெரிய விஷயம் இல்லை. தன் விஷயத்தைத் தானே எழுதினார்கள் என்பதுதான் பெரிசு. ஆனால் கற்றதைத் தொடர்ந்து எழுதாவிட்டால் கை மறந்துவிடும். சைக்கிள்கூட மறக்காது, எழுத்து மறந்துடும்.

பயிற்சி 1: தினம் மூணு வரி

பிள்ளைகளின் பழைய நோட்டில் மீதிப் பக்கம் போதும். ராத்திரி படுக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் இன்று என்ன நடந்தது. இரண்டாவது வரியில் என்ன வரவு, என்ன செலவு. மூன்றாவது வரியில் நாளைக்கு என்ன செய்யணும். பேசுகிற மாதிரியே எழுதலாம். ழ, ள, ல தடுமாறினால் நிறுத்தாதீர்கள். எழுதி முடித்தபின் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எங்கே நாக்கு தடுக்குதோ அங்கே வாக்கியம் நீளம் என்று அர்த்தம். அதை இரண்டாக உடையுங்கள்.

பயிற்சி 2: தீர்மானம்

"கடன் கொடுக்க முடிவு செய்யப்பட்டது." இப்படி ஒரு தீர்மானம் நான் பார்த்தேன். யாருக்கு? எவ்வளவு? ஆறு மாசம் கழித்துச் சண்டை வந்தால் இந்த வரி யாரைக் காப்பாற்றும்?

இப்படி எழுதலாம்: "உறுப்பினர் எண் 7-க்குக் கறவை மாடு வாங்க ரூ.10,000 (ரூபாய் பத்தாயிரம்) கடன் கொடுக்க முடிவு செய்தோம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அசல் மாதம் ரூ.1,000 வீதம் 10 தவணை."

ஞாபகம் வையுங்கள்: தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதணும். தப்பானால் மேலேயே திருத்தி எழுதக்கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடணும். கடைசி வரிக்குக் கீழே காலி இடம் இருந்தால் கோடு போட்டு மூடிவிட்டு, அப்புறம்தான் எல்லோரும் கையெழுத்துப் போடணும். அதற்கு முன் தீர்மானத்தை ஒருவர் சத்தமாகப் படிக்கணும்.

பயிற்சி 3: மனு

அனுப்புநர், பெறுநர், பொருள், விஷயம், தேதி, கையெழுத்து. மனுவுக்கு இந்த ஆறும் போதும். "பொருள்" என்ற வரிதான் மனுவின் நெற்றிப்பொட்டு. மனு எந்த மேசைக்குப் போகணும் என்று அதைப் பார்த்துதான் முடிவு செய்வார்கள்.

"எங்கள் ஊரில் தண்ணீர் கஷ்டம், நடவடிக்கை எடுக்கவும்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "எங்கள் தெருவில் 40 வீடுகள் உள்ளன. மேல்நிலைத் தொட்டி மோட்டார் 12 நாளாக ஓடவில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுக்கிறோம். மோட்டாரைப் பழுது பார்த்துத் தர வேண்டுகிறோம்." இதில் எங்கே, எத்தனை நாள், என்ன வேணும் என்று எல்லாம் இருக்கிறது. மனுவை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. "என் மனு மீது என்ன நடவடிக்கை?" என்று எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பொதுவாக 30 நாளுக்குள் தகவல் தரணும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

அந்த அக்கா இப்போது

இரண்டு மாசம் தினம் மூணு வரி எழுதினார். பிறகு தன் மனுவைத் தானே எழுதினார். மொத்தம் ஏழு வரி. "பொருள்: ஆதரவற்ற விதவை உதவித்தொகை வேண்டுதல்" என்று முதலில் போட்டார். இந்தத் தடவை மனு சரியான மேசைக்குப் போய், கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வீட்டுக்கே வந்தார். உதவித்தொகையும் கிடைத்தது. அவர் எழுத்தில் இன்னமும் ற, ர மாறித்தான் வருகிறது. ஆனா இப்போது குழுவில் யார் மனு கொடுக்கப் போனாலும், "கொடு, முதல்ல படிச்சுப் பார்ப்போம்" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் தீர்மானப் புத்தகத்தில் கடைசி மூன்று தீர்மானங்களைப் படியுங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பது தெரிகிறதா?
2. குழுவில் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஊக்குநர் மட்டும்தானா? இந்த மாதம் தீர்மானத்தை வேறு ஒருவர் எழுதட்டும்.
3. எழுதத் தெரியாத உறுப்பினர் பக்கத்தில் யார் உட்கார்ந்து சொல்லித் தருவீர்கள்?

ஒரு மாதம் எழுதிய நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மதிப்பெண் போடமாட்டேன். வாங்கிப் படிக்கிறேன், அவ்வளவுதான்.