1,499 ரூபாய்க்கு நாலு நாள், 6 லட்சத்துக்கு பத்து நிமிஷம்: நாம ஏன் ரிவ்யூ படிக்கிறோம்?



போன ஜூலை மாசம், ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன். சோழிங்கநல்லூர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி ஃபார்ம் 16 எடுத்துக்கிட்டு எங்க ஆபீஸுக்கு வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. கழுத்துல புது இயர்பட்ஸ் டப்பா தொங்கிட்டு இருந்துச்சு. "எப்படிப்பா இருக்கு இது?"ன்னு சும்மா கேட்டேன்.

"சூப்பர் சார். நாலு நாள் ரிசர்ச் பண்ணி வாங்கினேன். மூணு மாடலை கம்பேர் பண்ணேன், ஒன் ஸ்டார் ரிவ்யூ எல்லாத்தையும் படிச்சேன். 1,499 ரூபாய்."

அப்புறம் அவர் கொடுத்த பேப்பர்களுக்கு நடுவுல ஒரு இன்சூரன்ஸ் ரசீது. வருஷத்துக்கு 60,000 ரூபாய், 10 வருஷம் கட்டணும். 20 வருஷம் முடிஞ்சதும் 11 லட்சம் கிடைக்கும். ஆயுள் காப்பீடு 6 லட்சம்.

"இது எப்ப எடுத்தீங்க?"

"பிப்ரவரியில சார். பேங்க்ல இருந்து ஆபீஸுக்கே வந்தாங்க. டாக்ஸ் மிச்சமாகும்னு சொன்னாங்க. பத்து நிமிஷம்தான், ஓடிபி சொன்னேன், முடிஞ்சுது."

அவர் இருக்கிறது புதிய வரி முறையில. அதுல 80சி கழிவே கிடையாது. ஒரு ரூபாய் கூட டாக்ஸ் மிச்சமாகலை.

சிரிக்காதீங்க. இதே தப்பை வேற பொருள்ல நானும் பண்ணியிருக்கேன், கீழே சொல்றேன். 1,499 ரூபாய்க்கு நாலு நாள் படிச்ச அதே ஆள், 6 லட்சத்துக்கு ஏன் ஒரு வரி கூட படிக்கலை? இது புரியணும்னா முதல்ல நாம ரிவ்யூ எதுக்குப் படிக்கிறோம்னு பார்க்கணும்.

பக்கத்து வீட்டு அக்காவும் ஸ்டார் ரேட்டிங்கும்

ரிவ்யூ ஒண்ணும் புதுசு இல்லை. நம்ம அம்மா குக்கர் வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டாங்க. மிக்ஸி ஜார் எத்தனை வருஷம் தாங்குச்சு, எந்தக் கடையில ரிப்பேருக்கு அலைய விடுறான்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் காசை எடுப்பாங்க. காரணம் ரொம்ப எளிது. பொருளைப் பத்தி விக்கிறவருக்கு எல்லாம் தெரியும், வாங்குறவருக்கு அவர் சொல்றது மட்டும்தான் தெரியும்.

இந்த இடைவெளியைப் பத்தி ஜார்ஜ் அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970-ல ஒரு கட்டுரை எழுதினார். அதைப் போடுறதுக்கு முன்னாடி மூணு பத்திரிகை திருப்பி அனுப்பிச்சுது. 2001-ல நோபல் பரிசு வாங்கினார்! அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் பழைய கார் சந்தை. நம்ம ஊர் கணக்குல பார்ப்போம். நல்ல பழைய கார் 4 லட்சம் பெறும், ஓட்டை கார் 2 லட்சம் பெறும்னு வைங்க. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு தெரியாததால நீங்க நடுவுல 3 லட்சம் கேட்பீங்க. ஓட்டை கார் வெச்சிருக்கிறவர் சந்தோஷமா கொடுப்பார். நல்ல கார் வெச்சிருக்கிறவர் "போப்பா"ன்னு வண்டியை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவார். மிச்சம் இருக்கிறது எல்லாம் ஓட்டை கார்தான். விவரம் தெரியாததால வாங்குறவர் மட்டும் இல்லை, நல்ல சரக்கு வெச்சிருக்கிறவரும் நஷ்டப்படுறார்.

இந்த இடைவெளியை அடைக்கிற வேலையைத்தான் ரிவ்யூ செய்யுது. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவுல சியாட்டில் நகர ரெஸ்டாரன்ட்களோட ஆன்லைன் ரேட்டிங்கையும் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஸ்டார் கூடினா வருமானம் 5 முதல் 9% வரை ஏறுச்சு. ஆனா அந்த ஏற்றம் தனிக் கடைகளுக்குத்தான். பெரிய செயின் ஹோட்டல்களுக்கு ஸ்டார் ஏறினாலும் இறங்கினாலும் பெரிசா வித்தியாசம் இல்லை. யோசிச்சா சரிதானே? தெரிஞ்ச போர்டைப் பார்த்தா நாம போனை எடுக்கிறதே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு பைபாஸ்ல பேர் தெரியாத ஹோட்டல் வாசல்ல வண்டியை நிறுத்தும்போதுதான் ரேட்டிங் பார்க்கிறோம்.

ஆனா பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருந்த ஒரு வசதி ஆன்லைன்ல இல்லை. அந்த அக்காவை நமக்குத் தெரியும். எந்தச் சாப்பாட்டுலயும் உப்பு ஜாஸ்தின்னு சொல்றவங்க அவங்கன்னு தெரிஞ்சு, அதுக்குத் தகுந்த மாதிரி கழிச்சுக்குவோம். ஆன்லைன்ல எழுதினவர் யாரு, எந்த ஊரு, எத்தனை நாள் அந்தப் பொருளைப் பயன்படுத்தினாரு, ஒண்ணும் தெரியாது. இங்கதான் நான் மாட்டினேன்.

என்னோட வாட்டர் ப்யூரிஃபையர் கதை

கல்யாணமான புதுசு. வேளச்சேரி பக்கம் வாடகை வீடு, போர் தண்ணி. டிடிஎஸ் 1,200-க்கு மேல. (நம்ம டிடிஎஸ் இல்லைங்க, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு கணக்கு. குடிநீருக்கு பிஐஎஸ் ஏத்துக்கிற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்.) ஆன்லைன்ல 13,500 ரூபாய்க்கு ஒரு ஆர்.ஓ. மெஷின். 4.4 ஸ்டார், ஆயிரக்கணக்கான ரிவ்யூ. நம்பி வாங்கினேன்.

பதினோராவது மாசம் மெம்பரேன் போச்சு. வாரன்டி இருக்கேன்னு கூப்பிட்டா, "சார், மெம்பரேன் கன்ஸ்யூமபிள், வாரன்டியில வராது"ன்னுட்டாங்க. 3,200 ரூபாய் ஆச்சு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு 4,800 ரூபாய் ஏஎம்சி. அஞ்சு வருஷக் கணக்கு போட்டுப் பாருங்க: மெஷின் 13,500, மெம்பரேன் 3,200, நாலு வருஷ ஏஎம்சி 19,200. மொத்தம் 35,900. மெஷின் விலையை விட அதை வெச்சுக்கிற செலவு அதிகம். கம்பெனி பேலன்ஸ் ஷீட்டை எல்லாம் நோண்டிப் பார்க்கிற சி.ஏ. நான், இதைக் கோட்டை விட்டேன்!

கடுப்புல அந்த ரிவ்யூக்களை மறுபடி உட்கார்ந்து படிச்சேன். அஞ்சு ஸ்டார்ல பெரும்பாலானவை முதல் வாரத்துல எழுதினது. "டெலிவரி ஃபாஸ்ட்", "இன்ஸ்டலேஷன் பண்ண வந்தவர் நல்லா பேசினார்", "கிச்சனுக்கு அழகா இருக்கு". எல்லாமே உண்மைதான். ஆனா அது மெஷினைப் பத்தின ரிவ்யூ இல்லை, டெலிவரியைப் பத்தின ரிவ்யூ. ஒரு வருஷம் கழிச்சு எழுதினவங்க கொஞ்சம் பேர் இருந்தாங்க. அவங்கள்ல பாதிப் பேர் மெம்பரேனையும் சர்வீஸையும்தான் திட்டியிருந்தாங்க. என்னை மாதிரி உப்புத் தண்ணி ஊர்க்காரங்க போல. எனக்கு வேண்டிய தகவல் மொத்தமும் அங்கேயே இருந்துச்சு. 4.4-ங்கிற ஒரே நம்பரைப் பார்த்துட்டு நான்தான் தாண்டிப் போயிட்டேன்.

அந்த சராசரி நம்பரை நான் இப்ப நம்புறதே இல்லை. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருளுக்கு எல்லாருமே 4 ஸ்டார் போட்டா சராசரி 4. இன்னொரு பொருளுக்கு 75% பேர் 5 ஸ்டார், 25% பேர் 1 ஸ்டார் போட்டாலும் சராசரி அதே 4. முதல் பொருள் சுமாரா இருக்கும், ஆனா ஓடும். ரெண்டாவதுல நாலுல ஒருத்தருக்கு பொருள் வேலையே செய்யலை! அதனால நம்பரை விட்டுட்டு பக்கத்துல இருக்கிற பார் கிராஃபைப் பாருங்க. அதே மாதிரி பத்தே பத்து ரிவ்யூ, எல்லாமே 5 ஸ்டார்னா மயங்காதீங்க. பதினோராவது ஆள் 1 ஸ்டார் போட்டா அது 4.64-க்கு இறங்கிடும். பத்தாயிரம் ரிவ்யூ இருக்கிற 4.3-ல பத்து பேர் சேர்ந்து 1 ஸ்டார் போட்டாலும் அது அசையாது.

இப்ப நான் என்ன பண்றேன்னா, "புதியவை முதலில்"னு வரிசைப்படுத்திட்டு, தேடுற இடத்துல "ஒரு வருஷம்", "சர்வீஸ்", "வாரன்டி"ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டுப் பார்ப்பேன். 2 ஸ்டார், 3 ஸ்டார் ரிவ்யூக்கள்தான் எனக்குப் பிடிச்சது. அதுல கோவமும் கம்மி, புகழ்ச்சியும் கம்மி.

போலி ரிவ்யூ பத்தி நிறைய பேர் கேட்பீங்க. ஆமா, இருக்கு. ஒரு ஸ்டாருக்கு 5 முதல் 9% வருமானம்னா அதைக் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருப்பாங்க இல்லையா? டப்பாவுக்குள்ள "5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா கேஷ்பேக்"னு சீட்டு வந்தது உங்கள்ல சில பேருக்காவது ஞாபகம் இருக்கும். விக்கிறவரே வாங்குனவர் மாதிரி ரிவ்யூ எழுதக் கூடாதுன்னு 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்லயே இருக்கு. 2022-ல பிஐஎஸ், ஆன்லைன் ரிவ்யூக்களுக்குன்னே ஐஎஸ் 19000-ன்னு ஒரு தர அளவுகோல் கொண்டு வந்துச்சு. அது கட்டாயம் இல்லாத, விருப்ப அளவுகோலாத்தான் வந்துச்சு. யூடியூப் ரிவ்யூவும் இதே கதைதான். டிஸ்கிரிப்ஷன்ல இருக்கிற லிங்க் வழியா நீங்க வாங்கினா பேசுறவருக்கு கமிஷன் போகலாம். எங்க சேனலையும் சேர்த்துத்தான் சொல்றேன், அதையும் மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க.

ரிவ்யூ வேலை செய்யாத இடம்

இப்ப அந்தத் தம்பியோட பாலிசிக்கு வருவோம். பொருளாதாரத்துல பொருட்களை மூணா பிரிப்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடியது ஒண்ணு: சட்டை கலர், மேஜை அளவு. பயன்படுத்தினாத்தான் தெரியும்ங்கிறது ரெண்டாவது: இயர்பட்ஸ், ஹோட்டல் சாப்பாடு, என் ப்யூரிஃபையர். மூணாவது, பயன்படுத்தின பிறகும் நல்லதா கெட்டதான்னு நமக்கே சரியாத் தெரியாதது. மெக்கானிக் "இந்த பார்ட்டை மாத்தணும்"னு சொன்னா, அது உண்மையிலேயே மாத்த வேண்டியதுதானான்னு மாத்தின பிறகும் தெரியாது.

ரிவ்யூவோட முழு பலமும் ரெண்டாவது வகையிலதான். நமக்கு முன்னாடி பத்தாயிரம் பேர் காசு போட்டு அனுபவிச்சு எழுதியிருக்காங்க. ஆனா 20 வருஷ பாலிசிக்கு யார் ரிவ்யூ எழுதுவா? போன மாசம் எடுத்தவர் "ஏஜென்ட் நல்லா விளக்கினார், 5 ஸ்டார்"னு எழுதுவார். ஹெல்த் இன்சூரன்ஸும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி க்ளெய்ம் போடாத ஆளோட 5 ஸ்டாருக்கு மதிப்பு ஒண்ணும் இல்லை. அங்க போய் ஸ்டாரைத் தேடினா, என் ப்யூரிஃபையர் டெலிவரி ரிவ்யூ மாதிரிதான் கிடைக்கும்.

அந்தத் தம்பி படிக்காம விட்டதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கலை. இயர்பட்ஸ் மோசமா இருந்தா நாளைக்கே தெரியும், ரூம்மேட் கிண்டல் பண்ணுவான். பாலிசி மோசமா இருந்தா இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். எதிர்ல டை கட்டின ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கார், நம்ம சம்பள அக்கவுன்ட் இருக்கிற பேங்க்ல இருந்து வந்திருக்கார். அந்த ஆளே ரிவ்யூ மாதிரி ஆயிடுறார். அவருக்கு டார்கெட் இருக்குங்கிறது அப்ப ஞாபகம் வராது.

இந்த மாதிரி பொருளுக்கு மத்தவங்க அனுபவம் வேற வடிவத்துல கிடைக்குது. ஐஆர்டிஏஐ வருடாந்திர அறிக்கையில க்ளெய்ம் விவரம் இருக்கு. ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனி வெப்சைட்லயும் "பப்ளிக் டிஸ்க்ளோஷர்ஸ்"னு ஒரு மூலை இருக்கும், அங்க க்ளெய்ம் எத்தனை வந்துச்சு, புகார் எத்தனை வந்துச்சுன்னு கம்பெனியே போட்டாகணும். அலங்காரம் இல்லாத டேபிள்தான். எனக்கு அதுதான் நிஜமான ரிவ்யூ.

வருமானத்துக்கு ரிவ்யூவே வேண்டாம், எக்செல் போதும். ஒரு காலத்துல பத்து வரிசைக்கு மைனஸ் 60,000, அடுத்த பத்து வரிசைக்கு பூஜ்யம், 21-வது வரிசையில 11,00,000. கீழே ஐஆர்ஆர் ஃபார்முலா. அந்தத் தம்பி முன்னாடியே போட்டுக் காட்டினேன். 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. அதே பணத்தை அதே மாதிரி பிபிஎஃப்ல போட்டு, இப்ப இருக்கிற 7.1% வட்டி அப்படியே இருந்தா 20 வருஷ முடிவுல சுமார் 17.7 லட்சம். பிபிஎஃப் வட்டி மாறலாம், பாலிசியில 6 லட்சம் காப்பீடு இருக்கு, அதையும் சொல்லிடணும். இருந்தாலும் வித்தியாசம் 6.7 லட்சம். ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தார்.

"சார், கட்டின 60,000 போச்சா?"

பாலிசி கையில வந்து 30 நாளுக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கலாம், ஃப்ரீ லுக்னு பேர். அவருக்கு அந்த 30 நாள் மார்ச்லயே முடிஞ்சுது. இனி இருக்கிற ஒரு வழி இது. 2024 அக்டோபர்ல இருந்து வந்த விதிப்படி, ஒரு வருஷ ப்ரீமியம் முழுசா கட்டி முதல் பாலிசி வருஷம் முடிஞ்சாலே சரண்டர் மதிப்புன்னு ஒண்ணு உண்டு. அது எவ்வளவுன்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கி, ரெண்டாவது ப்ரீமியம் கட்டுறதா வேண்டாமான்னு கணக்குப் போட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து மெயில் அனுப்பினார். பிப்ரவரி முதல் தேதிக்கு போன்ல ரிமைண்டரும் போட்டுக்கிட்டார்.

போன வாரம் வேற ஒரு சந்தேகத்துக்குக் கூப்பிட்டார். கம்பெனிகிட்ட இருந்து பதில் வந்திருக்காம், எக்செல்ல அவரே போட்டு வெச்சிருக்காராம், பார்த்துச் சொல்லணுமாம். இயர்பட்ஸ் என்னாச்சுன்னு கேட்டேன். இன்னும் நல்லாத்தான் ஓடுதாம்.