கங்கணமும் பூரணமும்: கிரகணம் காண்பார்க்கு ஒரு பாடம்

கீரிமலையில் ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழித்து நீராடியவர்க்கு அமாவாசை யாதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஞாயிறும் திங்களும் ஒரே திசையிற் கூடும் நாள் அது. சூரிய கிரகணம் அந்நாளிலன்றிப் பிறிதொரு நாளில் நிகழாது. எனினும் அமாவாசைதோறும் கிரகணம் உண்டாவதில்லை. திங்களின் பாதை ஞாயிற்றின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதே காரணம். அவ்விரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளையே இராகு, கேது என நம் கணிதர் வழங்கினர். திங்களைப் பாம்பு கொள்வதைத் திருவள்ளுவர் 1146ஆம் குறளிலே, ஊரெங்கும் பரவும் அலருக்கு உவமையாக்கினார். எல்லாரும் ஒருங்கே அண்ணாந்து பார்க்கும் காட்சி கிரகணம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். திங்களை அண்ணாந்து பார்ப்பதில் இடரில்லை. ஞாயிற்றைப் பார்ப்பதிலேதான் இடருண்டு.

ஆதலின், சூரிய கிரகணம் காண ஆயத்தஞ் செய்வார் முதலிற் கற்க வேண்டியது ஒரு சொல்வேறுபாடு. திங்கள் ஞாயிற்றை முற்றாக மறைப்பது பூரண கிரகணம். நடுவை மட்டும் மறைத்து, சுற்றிலும் காப்புப் போன்ற ஒளிவளையத்தை விடுவது கங்கண கிரகணம். ஞாயிறு திங்களினும் ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஓரளவினவாய்த் தோன்றுகின்றன. திங்கள் அண்மையில் நிற்கும்போது பூரணம் வாய்க்கும். சேய்மையிற் சென்றபோது அதன் வட்டம் போதாமையாற் கங்கணமே வாய்க்கும். பூரணம் நிலைக்கும் அச்சில நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணாற் பார்க்கலாம். கங்கணத்தில் அத்தகைய கணம் ஒன்றேனும் இல்லை.

இதனை யான் ஏட்டிற் கற்கவில்லை. 2010 ஜனவரி 15ஆம் நாள், தைப்பொங்கலுக்கு மறுநாள், குடாநாட்டின்மேல் ஏறத்தாழப் பத்து நிமிடம் கங்கணம் நின்றது. அந்நாளில் யான் இளைஞன். முழுதும் மறைந்தபின் கண்ணாடி வேண்டாமென எங்கோ வாசித்த நினைவு. வளையந் தோன்றியதும், புகை பிடித்த கண்ணாடித் துண்டை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் நோக்கினேன். (அத்துண்டும் காப்பாகாது என்பது வேறு கதை.) நோகவில்லை, விழித்திரைக்கு நோவுணர்ச்சி இல்லையெனப் பின்னரே அறிந்தேன். அன்றிரவு விளக்கடியில் நூலை விரித்தபோது, வலக்கண் எச்சொல்லை நோக்கினும் அதன் நடுவெழுத்து மங்கிக் கிடந்தது. இன்றும் அச்சுப்பிழை திருத்தும்போது அக்கண்ணை மூடிக்கொள்கிறேன். இக்கட்டுரையின் பார்வைப்படியும் ஒற்றைக் கண்ணாலே பார்க்கப்பட்டது, பிழையிருப்பின் பொறுத்தருள்க.

2019 டிசம்பர் 26 காலை மற்றொரு கங்கணம் வந்தது. மாணவர் சிலருடன் கீரிமலைக் கடற்கரைக்குச் சென்றேன். ஆளுக்கொரு காட்போட் மட்டை. அதிலே குண்டூசியால் ஒரு துளை. ஞாயிற்றுக்கு முதுகு காட்டி நின்று, துளைவழி வரும் ஒளியை வெள்ளைத்தாளில் விழச் செய்தோம். இடையே ஒரு மீற்றர் தூரம் விட்டால் உருவம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலத்தில் விழும். முகில் விலகியபோதெல்லாம் மரத்தின் இலையிடைகளும் அவ்வாறே துளைகளாகி மணலெங்கும் பிறைகளைச் சிந்தின. நீராட வந்த மூதாட்டி ஒருவர், கேணி நீரிலே தெரியும் சூரியனைப் பார்க்கும்படி பிள்ளைகளை அழைத்தார். சாணங் கரைத்த நீரிலே பார்த்துப் பழகிய தலைமுறை! “ஆச்சி, தண்ணீருக்குள்ளையும் அதே சூரியன்தான், கண்ணைச் சுடும்” என்றான் ஒரு மாணவன். ஆச்சி அவன் தாளை எட்டிப் பார்த்தார். “காப்பு மாதிரியெல்லே கிடக்குது” என்றார். கங்கணம் என்னுஞ் சொல்லுக்கு அதனினுஞ் சிறந்த உரை யான் சொன்னதில்லை.

பூரண கிரகணமும் யாழ்ப்பாணம் கண்டதுண்டு. 1871 டிசம்பர் 12 காலை, நிழலின் பாதை தென்னிந்தியாவைக் கடந்து இங்கு வந்தது. லொக்கியர் தலைமையில் வந்த பிரித்தானியக் குழுவின் ஒரு பிரிவு யாழ்ப்பாணத்தில் நிலையம் அமைத்தது. கப்டன் ஹொக் ஞாயிற்றின் ஒளிமகுடத்தை இங்கிருந்து ஒளிப்படம் எடுத்தார். அதே காலையில் நீலகிரியில் நின்ற பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், அம்மகுடத்தின் நிறமாலையிற் கருங்கோடுகளைக் கண்டார். 1955 ஜூன் 20இல் பொலன்னறுவைப் பகுதியில் நிகழ்ந்த பூரணமோ முகிலுக்கு இரையாயிற்று. கருவிகளோடு கடல் கடந்து வந்தோர் வெறுங்கையராய் மீண்டனர்.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கு ஒரு சொல். 2024 ஏப்ரல் 8இல் ரொறன்ரோ நகரம் பூரணப் பாதைக்குச் சற்றே புறத்தே கிடந்தது. மறைவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல், ஆயினும் பூரணமன்று. நயாகராவுக்குச் சென்றவர்க்கே அது பூரணம். எஞ்சிய ஒரு கீற்றும் கண்ணைக் கெடுக்கப் போதும். ஒளிமகுடத்தை மறைக்கவும் போதும். 2028 ஜூலை 22 பிற்பகல், சிட்னி நகரின்மேலேயே பூரணம் மூன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்கும். அங்குள்ளோர் ஐஎஸ்ஓ 12312-2 தரக்குறியுள்ள கண்ணாடியை முன்னரே வாங்கிக் கீறல் உண்டோ எனப் பார்த்து வைக்க. வெல்டிங் கண்ணாடியாயின் 14ஆம் எண். எக்ஸ்றே படலமும் வெயிற்கண்ணாடியும் உதவா. கண்ணாடி அணிந்தபடி தொலைநோக்கியில் நோக்குவது எல்லாவற்றினும் கொடிது. திங்களின் விளிம்பில் ஒளி மணிகளாய்ச் சிதறி, ஒரு மணி மட்டும் மோதிரக்கல் போல் நின்று அணைந்தபின்னரே கண்ணாடியைக் கழற்றுக. மறுபக்கத்தில் அக்கல் மீண்டும் சுடர்ந்தவுடன் அணிக. இடைப்பட்ட நிமிடங்களைப் படக்கருவியோடு மல்லாடிக் கழிக்காதிருத்தல் நன்று.

ஊரிலுள்ளோர்க்கு அடுத்துவருவது 2031 மே 21. அது தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடக்கும், அதுவும் கங்கணமே. அன்று கண்ணாடியைக் கழற்றும் கணம் இல்லை.