பள்ளிவாசல் முன் ஓடும் என்ஜின்

ஜும்ஆ முடிந்ததும் வாசலில் பாருங்கள். பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு ஸலாம் சொல்வோம், கைகொடுப்போம், ஊர்க்கதை பேசுவோம். என்ஜின் பாட்டுக்கு ஓடும். உளூச் செய்யும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் யாராவது ஒரு பெரியவர் அதட்டுவார். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில், அதாவது இரு கை நிறைய அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள் என்று எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! பெட்ரோலுக்கு மட்டும் இஸ்ராஃப் கிடையாதா? ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

பிறரைச் சொல்வானேன்? "ஹஜ்ரத், கிளட்சிலிருந்து விரலை எடுங்க" என்று மெக்கானிக் என்னிடமே சொன்னார். பாதி பிடித்த கிளட்ச் வழுக்கும், பெட்ரோல் வெறும் சூடாகப் போகும். இருபது வருடப் பழக்கம்! பின் டயரில் காற்றும் குறைவு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊட்டி, ஏற்காடு போய் இறங்கும்போது மிச்சம் என்று எண்ணிக் காரை நியூட்ரலில் விடுகிறோம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டாலே பெட்ரோல் பாய்வது நிற்கும். நியூட்ரலில்தான் செலவாகும். பிரேக் சூடேறிப் பிடிக்காமலும் போகலாம். என்ஜினையே அணைப்பவர்களுக்குச் சில மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பின்சீட்டில் மனைவி மக்கள் இருக்கிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.