வீட்டுப் புல்தரைக்கு ஏற்ற தள்ளு இயந்திரம்: இதய நோயரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மாரடைப்புக்கோ இதய அறுவைக்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் மறுஆய்வுக்கு வரும்போது உணவு, மாத்திரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எங்களிடம் கேட்பது வீட்டு வேலைகளைப் பற்றித்தான். தண்ணீர்க் குடம் தூக்கலாமா, மாடிப்படி ஏறலாமா, தோட்ட வேலை செய்யலாமா என்பன அவற்றுள் சில. வீட்டின் முன்னே சிறு புல்தரை வைத்திருப்போர் பலர், அதனைத் தாமே வெட்டிச் சீர்செய்யலாமா என்றும், அதற்கு எத்தகைய இயந்திரம் வாங்கலாம் என்றும் வினவுகின்றனர். இம்மாத இதழில் அந்த வினாவையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இது சிறிய வினாவன்று. பல குடும்பங்களில் இரண்டு தவறுகளுள் ஒன்று நேர்வதைக் காண்கிறோம். அச்சத்தின் காரணமாக நோயரை எந்த வேலையும் தொடவிடாமல் அமர்த்திவைப்பது முதலாவது. தசைகள் தளர்ந்து, மனமும் சோர்ந்து, ‘இனி நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றிவிடும். வீட்டார் இல்லாத நேரம் பார்த்து நோயர் தாமே கனத்த இயந்திரத்தை வெளியே இழுத்துவந்து வேலையில் இறங்குவது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் இடையே பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. உடலின் திறனை அளந்தறிந்து, அதற்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பதே அவ்வழி.

இயந்திர வகைகள்

இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் நகரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெய்த கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு வழிகாட்டியது. அந்த அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. சக்கரங்களுக்கு இடையே ஐந்து முதல் ஏழு வளைந்த கத்திகள் கொண்ட உருளை ஒன்று உண்டு. நாம் தள்ளும்போது அது சுழன்று, அடியிலுள்ள நிலைக்கத்தியுடன் சேர்ந்து கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்குகிறது. கடைகளில் இதனை ‘ரீல் மோவர்’ என்பர். மின்சாரமோ பெட்ரோலோ வேண்டாம். எடை பெரும்பாலும் 8 முதல் 15 கிலோவுக்குள் அடங்கும்.

மற்றொரு வகை சுழல்கத்தி இயந்திரம். தரைக்கு இணையாகச் சுழலும் ஒற்றைக் கத்தியைப் பெட்ரோல் எஞ்சினோ, மின்கம்பி வழி இயங்கும் மோட்டாரோ, பேட்டரியோ இயக்கும். இவ்வகையில் பெட்ரோல் இயந்திரமே பெரும்பாலும் எடை மிகுந்தது; 25 கிலோவுக்கு மேற்பட்டவை பல. கம்பி வழி இயங்குவன இலேசானவை. பேட்டரி இயந்திரங்கள் பொதுவாக இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. சில இயந்திரங்களில் சக்கரங்களையும் எஞ்சினே உருட்டும். நாம் திசை காட்டினால் போதும்.

உடலுழைப்பை அளக்கும் முறை

அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ‘1 மெட்’ என்கிறோம். அது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனுக்குச் சமம். சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. அளவில் நடப்பதற்கு ஏறத்தாழ 3.5 மெட் தேவை. விசையால் இயங்கும் புல்வெட்டியைத் தள்ளி நடப்பதற்கு 4.5 முதல் 5 மெட் வரையும், கையால் மட்டுமே தள்ளும் உருளை இயந்திரத்துக்கு ஏறத்தாழ 6 மெட்டும் தேவைப்படும். ‘மோட்டார் இல்லாதது, எனவே எளியது’ என்று எண்ணுவோர் இந்த வேறுபாட்டைக் கருத்திற் கொள்ள வேண்டும். புல் உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்திருந்தாலோ, கத்தி மழுங்கியிருந்தாலோ, நிலம் சரிவாக இருந்தாலோ உழைப்பு இன்னும் கூடும்.

உங்கள் திறன் எவ்வளவு என்பதை டிரெட்மில் பரிசோதனை அறிக்கை கூறும். நாங்கள் வழக்கமாகப் பின்பற்றும் ப்ரூஸ் முறையில் மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ஆறு நிமிடங்களை நிறைவு செய்தவரின் திறன் ஏறத்தாழ 7 மெட். ஒன்பது நிமிடங்களை நிறைவு செய்தவரின் திறன் ஏறத்தாழ 10 மெட். தொடர்ச்சியான வீட்டு வேலைகள் உச்சத் திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதிருப்பது நன்று என்பது எங்கள் அறிவுரை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் திறன் 7 மெட் எனில், அதில் மூன்றில் இரண்டு பங்கு 4.7 மெட். 6 மெட் தேவைப்படும் கைத்தள்ளு இயந்திரம் அவருக்கு இப்போது பொருந்தாது; இலேசான பேட்டரி இயந்திரத்தை மெதுவாகத் தள்ளுவது எல்லைக்குள் அமையும். திறன் 10 மெட் உள்ளவருக்கு எல்லை 6.7 மெட். அவர் உருளை இயந்திரத்தையே உடற்பயிற்சியாகக் கொள்ளலாம். பரிசோதனையின் நடுவில் நெஞ்சுவலியோ இதயமின்வரைபட மாற்றமோ தோன்றியிருந்தால் இக்கணக்கு பொருந்தாது. அத்தகையோர் மருத்துவரின் தனி அறிவுரையைப் பெற வேண்டும்.

புல்தரையை அளந்து பாருங்கள்

ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். இரண்டு சென்ட் புல்தரையை 30 செ.மீ. அகலம் வெட்டும் இயந்திரத்தால் வெட்டினால் சுமார் 270 மீட்டர் நடக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டைகளையும் திருப்பங்களையும் சேர்த்தால் இது 300 மீட்டரைத் தாண்டும். ஐந்து சென்ட் எனில், 35 செ.மீ. அகல இயந்திரத்தாலும் ஏறத்தாழ 580 மீட்டர் நடக்க நேரும். அகலம் கூடினால் நடை குறையும். ஆனால் தள்ளுவதற்கான விசை கூடும். எனவே இரண்டு மூன்று சென்ட் அளவுள்ள தரைக்கு 30 முதல் 35 செ.மீ. அகலமே போதும். ஐந்து சென்ட்டுக்கு மேற்பட்டால் பேட்டரி இயந்திரத்தை நாடுவதோ, பரப்பை இரண்டு மூன்று நாள்களுக்குப் பிரித்துக்கொள்வதோ தக்கது.

புல்லின் வகையும் கருதத்தக்கது. அருகம்புல் இனத்தைத் தாழ்வாக, 2 முதல் 4 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தால் உருளை இயந்திரம் அழகாக வெட்டும். அகன்ற இலையுடைய எருமைப்புல்லை உயரமாக விட்டு வெட்ட வேண்டும். அதற்குச் சுழல்கத்தி பொருந்தும். எவ்வகையாயினும் ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. இவ்விதி புல்லுக்கு மட்டுமன்றி இதயத்துக்கும் நன்மை தருவது. அடிக்கடி சிறிதளவு வெட்டுபவர் ஒரே நாளில் பெருஞ்சுமையை ஏற்க நேராது.

யாருக்கு எது பொருந்தாது?

நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்துகொண்டவர்கள்: எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை எவ்வகை இயந்திரத்தையும் தள்ளவோ இழுக்கவோ தூக்கவோ கூடாது.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள்: முதல் 4 முதல் 6 வாரங்கள் அப்பக்கத்துக் கையால் பலமாக இழுத்தல், தோளுக்கு மேல் கையை உயர்த்துதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அதன்பின்னும், ஓடும் பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறிப் பகுதிக்கும் மின்மோட்டாருக்கும் மார்பிலுள்ள கருவிக்கும் இடையே குறைந்தது 30 செ.மீ. இடைவெளி வேண்டும். ஓடும் எஞ்சின்மீது குனிந்து பார்ப்பதே பெரும்பாலும் இடர் தருவது. கருவியின் வகைக்கேற்ப இவ்விடைவெளி மாறக்கூடும். பேஸ்மேக்கர் சோதனைக்கு வரும்போது கேட்டுத் தெளிக.

நெஞ்சுவலி உடையோரும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதோரும்: பெட்ரோல் இயந்திரத்தைக் கயிறு இழுத்துக் கிளப்பும்போது பலரும் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். அக்கணத்தில் இரத்த அழுத்தம் திடீரென உயரும். பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வகையே இவர்களுக்கு உகந்தது.

வார்ஃபரின் முதலிய இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர்: சிறு காயத்திலும் இரத்தம் நிற்கத் தாமதமாகும். கத்தியைத் தூய்மை செய்வதையும் சாணை பிடிப்பதையும் பிறரிடம் விட்டுவிடுங்கள்.

நீரிழிவு உடையோர்: பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். செருப்பணிந்து புல்வெட்டுதல் கூடவே கூடாது. முன்புறம் மூடிய, வழுக்காத காலணி அணிக. இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டு வேலையில் இறங்கினால் சர்க்கரை தாழக்கூடும். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்குச் சர்க்கரை தாழ்வதை உணர்த்தும் படபடப்பு வெளிப்படாமற் போகலாம். வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

வாங்குமுன் கடையில் சோதிக்க வேண்டியவை

கைப்பிடியின் உயரம் மாற்றத்தக்கதா என்று பாருங்கள். நிமிர்ந்து நின்று முழங்கை சற்றே மடங்கிய நிலையில் பிடிக்க முடிய வேண்டும். குனிந்து தள்ளினால் முதுகும் மூச்சும் வருந்தும். இயந்திரத்தை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்து, வாயிற்படியைக் கடத்த யாரேனும் துணை வேண்டுமா என முடிவு செய்யுங்கள்.

சுழல்கத்தி இயந்திரத்தில் கைப்பிடியை விட்டவுடன் கத்தி நிற்கும் அமைப்பு இன்றியமையாதது. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் 53 செ.மீ. கத்தியின் முனை மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் செல்கிறது, சிறு கூழாங்கல்லையும் அது குண்டுபோல எறியும். அமெரிக்காவில் 1982 முதல் நடப்பிலுள்ள விதி, கைப்பிடியை விட்ட மூன்று வினாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்கிறது. வாங்கும் இயந்திரம் அவ்வாறு நிற்கிறதா என்று விற்பவரையே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

மின்கம்பி வகை எனில், வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும். ஈரப் புல்லில் பயன்படுத்தலாகாது. பெட்ரோல் வகை எனில், மூடிய கார் கொட்டகைக்குள் ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இதயத்துக்குச் செல்லும் ஆக்சிஜனைப் பறிக்கும்.

வேலை செய்யும்போது

பனி உலர்ந்த பின்பும் வெயில் ஏறுமுன்பும், அல்லது மாலை ஐந்து மணிக்கு மேல் வெட்டுங்கள். வயிறு நிறைய உண்டபின் ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும். முதல் ஐந்து நிமிடம் வெறுமனே நடந்து உடலைப் பழக்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். நலமாக இருந்தால் வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டலாம். நீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோர் எவ்வளவு தண்ணீர் அருந்தலாம் என்பதை முன்னரே கேட்டறிக.

வேலையின் நடுவே ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவாங்காமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். நெஞ்சில் இறுக்கம், தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, தலைசுற்றல், காரணமற்ற வியர்வை தோன்றினால் ‘இந்த ஒரு வரிசையை முடித்துவிடுகிறேன்’ என்று எண்ணாதீர்கள். உடனே நிறுத்தி அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் அமர்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

நோயர் புல்வெட்டும்போது அருகிலிருந்து அதட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; குரல் கேட்கும் தொலைவில் ஒருவர் இருந்தால் போதும். தொடங்குமுன் தரையிலுள்ள கற்களையும் குச்சிகளையும் நீங்கள் பொறுக்கிவிடலாம். இயந்திரத்தை வெளியே எடுத்துவைக்கலாம். குழந்தைகளை அப்பகுதிக்கு வரவிடாதீர்கள். பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களிடம் தள்ளு இயந்திரத்தைக் கொடுக்கலாகாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இவ்வாறு சுமையைப் பகிர்ந்துகொண்டு வேலையின் பெருமையை நோயரிடமே விட்டுவிடுவது, மாத்திரையால் தரவியலாத ஊக்கத்தை அவருக்குத் தரும்.

அடுத்த மறுஆய்வுக்கு வரும்போது நான்கு குறிப்புகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: புல்தரையின் பரப்பு எத்தனை சென்ட், புல்லின் வகை, வாங்க எண்ணும் இயந்திரத்தின் வகையும் எடையும், கடைசி டிரெட்மில் பரிசோதனையில் எட்டிய மெட் அளவு. இவை கையிலிருந்தால் ‘செய்யலாமா’ என்னும் வினாவுக்கு மட்டுமன்றி, ‘எவ்வளவு நேரம், எதனைக் கொண்டு’ என்பதற்கும் உங்கள் மருத்துவரால் தெளிவாக விடை கூற இயலும்.