முறிந்த நிப்பிள்

பாறசாலையில் மாமாவின் பழைய பைக்குக்கு டிஸ்க் பிரேக்கில் காற்றெடுத்தபோது, காலிப்பரின் நிப்பிள் முறிந்து உள்ளே நின்றுவிட்டது. மறுநாள் நெய்யாற்றின்கரையில் கல்யாணம்; "மெதுவாக ஓட்டிப் போகலாமே" என்றார் மாமா. நெடுஞ்சாலையில் பிரேக் இல்லாமலா? சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலிப்பர் அலுமினியம், நிப்பிள் எஃகு. இடையில் ஈரம் புகுந்தால் மரை இறுகிவிடும். அதை எடுக்கும் முறை இது:

1. காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் எடுத்து, பிரேக் ஆயிலை நன்றாகக் கழுவுங்கள்.

2. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவையுங்கள்.

3. எண்ணெயைத் துடைத்துவிட்டு, சுற்றிலும் அளவாகச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ 2 மடங்கு விரியும், பிடி தளரும்.

4. நிப்பிளின் நடுத்துளையை நேராகச் சற்றே பெரிதாக்கி, இடமரை ரிமூவரைச் செருகி, இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள்.

அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள்; மீண்டும் சூடாக்குங்கள். ரிமூவர் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. என் அவசரத்தால் முன்பு ஒரு காலிப்பரையே இழந்திருக்கிறேன்.

பிறகு துகள் நீங்கக் கழுவி, புது நிப்பிள், புது சீல், மூடியில் குறித்துள்ள வகை ஆயில் போட்டுக் காற்றெடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கல்யாணத்துக்கு பஸ்ஸில்தான் போனோம். மூன்றாம் நாள் நிப்பிள் முழுதாக வெளியே வந்தது.