ஆறு தந்திகளும் நான்கு விரல்களும்

(உரைநடைப் பகுதி)

நுழையும்முன்

புதிய கலையொன்றைக் கற்கத் தொடங்குவோர் பலர். தொடர்ந்து கற்போர் சிலர். இடையில் நிறுத்தியவரிடம் காரணம் வினவினால், "எனக்கு அது வரவில்லை" என்று விடை கூறுவர். அவருக்கு வராதது கலையா? அன்றி, அக்கலையின் முதல் சில வாரங்களைக் கடக்கும் வழியை அவர் அறியவில்லையா? உங்களுள் பலர் விரும்பும் கிட்டார் என்னும் இசைக்கருவியைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கருவியை அறிவோம்

கிட்டார் ஐரோப்பாவில் வளர்ந்த நரம்பிசைக் கருவி. ஸ்பெயின் நாட்டின் கைவினைஞரான அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) அதன் உடலின் அளவையும் உள்ளமைப்பையும் செம்மைப்படுத்தினார். இன்றைய செவ்வியல் கிட்டார் அவர் வகுத்த அமைப்பையே பின்பற்றுகிறது. நம் நாட்டில் ஜெய்ப்பூரைச் சேர்ந்த விசுவமோகன் பட், கிட்டாரை மாற்றியமைத்து 'மோகன வீணை' எனப் பெயரிட்டு, அதில் இந்துஸ்தானி இசையை வாசித்தார். அவர் 1994ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றார்.

கிட்டாரின் உறுப்புகளைத் தமிழில் கூறுவது கடினம் அன்று. நம் வீணைக் கலைஞர்கள் வழங்கும் சொற்களே இதற்குப் பொருந்தும். கழுத்தின் மீது குறுக்கே பதிக்கப்பட்டுள்ள உலோகக் கம்பிகள் மெட்டுகள். உடலின் மீது தந்திகளைத் தாங்கி நிற்பது குதிரை. தலைப்பகுதியில் தந்தியை முறுக்கி இறுக்க உதவுவது பிருடை. மெட்டுகளுள் தலைக்கு அண்மையில் இருப்பது முதல் மெட்டு. தந்திகளுள் மிக மெல்லியது முதல் தந்தி. மிகத் தடித்தது ஆறாம் தந்தி.

எந்தக் கிட்டார்?

நைலான் தந்தி பூட்டியது, எஃகுத் தந்தி பூட்டியது எனக் கிட்டாரில் இருவகை உண்டு. நைலான் தந்தி விரலுக்கு மென்மையானது; எஃகுத் தந்தி உரத்த ஒலி தருவது. கை சிறியதாக உள்ள மாணவர்க்கு முக்கால் அளவுக் கிட்டாரும் கிடைக்கிறது. உறவினர் வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய கிட்டாரும் போதுமானதே. ஆயினும் ஒன்றைச் சோதித்தறிக. பன்னிரண்டாம் மெட்டில், மெட்டுக்கும் தந்திக்கும் இடையே 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால், அக்கிட்டாரை அழுத்தி வாசிப்பது பெரியவர்க்கும் கடினம். கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டித் தந்தியைத் தாழ்த்தச் செய்க. கருவியின் குறையைத் தம் குறை என்று எண்ணிக் கற்றலைக் கைவிட்டோர் உண்டு.

சுருதி சேர்த்தல்

ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்னும் ஆங்கில எழுத்துகளால் தந்திகள் குறிக்கப்படுகின்றன. கைப்பேசிச் செயலியின் துணைகொண்டு சுருதி சேர்க்கலாம். செயலி இல்லையெனில் செவியே துணை. ஆறாம் தந்தியின் ஐந்தாம் மெட்டை அழுத்தி மீட்டுக. அவ்வொலியும் அழுத்தப்படாத ஐந்தாம் தந்தியின் ஒலியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இவ்வாறே ஒவ்வொரு தந்தியையும் அடுத்ததனுடன் ஒப்பிடுக. மூன்றாம் தந்திக்கு மட்டும் ஐந்தாம் மெட்டுக்கு மாறாக நான்காம் மெட்டு.

மெட்டுகள் குதிரையை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதைக் காண்க. செவ்வியல் கிட்டாரில் தந்தியின் நீளம் வழக்கமாக 650 மி.மீ. பன்னிரண்டாம் மெட்டு அதன் சரிபாதியில், 325 மி.மீ. தொலைவில் உள்ளது. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். அழுத்தப்படாத ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் 220 முறை அதிர்கிறது. கருநாடக இசை கற்போர்க்கு இது எளிதில் விளங்கும். அழுத்தப்படாத தந்தியை 'ச' எனக் கொண்டால், ஐந்தாம் மெட்டு 'ம'; ஏழாம் மெட்டு 'ப'; பன்னிரண்டாம் மெட்டு மேல் 'ச'. இடையிலுள்ள பன்னிரு படிகளும் பன்னிரு சுரத்தானங்களே.

அமர்தலும் பிடித்தலும்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து அமர்க. கிட்டாரின் இடுப்பு வலத்தொடையின் மீது அமையட்டும். வலக்கை தந்தியை மீட்டும். இடக்கை மெட்டுகளில் அழுத்தும். இடக்கைப் பெருவிரல் கழுத்தின் பின்புறம் தாங்கி நிற்க, ஏனைய நான்கு விரல்களும் வளைந்து நுனியால் தந்தியைத் தொடவேண்டும். இடக்கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். சுட்டுவிரல் 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4 என எண்ணிடுவது மரபு. இடக்கைப் பழக்கம் உடையோர், தந்திகளை இடம் மாற்றிப் பூட்டிய கிட்டாரைப் பயன்படுத்துவதும் உண்டு.

ஒரு வடிவம், மூன்று கார்டுகள்

மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய சுரங்கள் ஒருங்கே ஒலிப்பது 'கார்டு' எனப்படும். பாடலுக்குத் துணையாக வாசிக்கப்படுவன பெரும்பாலும் இவையே. தொடக்கத்தில் மூன்றினைக் கற்போம்.

1. இ மைனர்: 2ஆம் விரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் மெட்டில், 3ஆம் விரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டில். ஆறு தந்திகளையும் மீட்டுக.

2. இ மேஜர்: அவ்விரு விரல்களையும் எடுக்காமல், 1ஆம் விரலை மூன்றாம் தந்தியின் முதல் மெட்டில் வைக்க. ஆறு தந்திகளையும் மீட்டுக.

3. ஏ மைனர்: மூன்று விரல்களின் வடிவத்தையும் குலைக்காமல், தரையை நோக்கி ஒரு தந்தி நகர்த்துக. 2ஆம் விரல் நான்காம் தந்தியிலும், 3ஆம் விரல் மூன்றாம் தந்தியிலும், 1ஆம் விரல் இரண்டாம் தந்தியிலும் அமையும். ஆறாம் தந்தியை விடுத்து ஏனைய ஐந்தையும் மீட்டுக.

இ மைனரை நான்கு முறையும் ஏ மைனரை நான்கு முறையும் மீட்டினால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை நிறைவுறும். மாற்றும் நேரத்தில் எண்ணிக்கை தடைபட்டால், விரைவைக் குறைக்க. எண்ணிக்கை நில்லாமல் மெதுவாக வாசிப்பது, நின்று நின்று விரைவாக வாசிப்பதினும் மேலானது.

மூன்றாம் வாரம்

முதல் வாரத்தில் புதுமை நம்மை ஈர்க்கும். மூன்றாம் வாரத்தில் புதுமை தீர்ந்துவிடும், விரல் வலிக்கும், ஒலியோ இன்னும் இனிமை பெற்றிராது. "எனக்கு வராது" என்னும் எண்ணம் பிறக்கும் காலம் இதுவே. அவ்வெண்ணம் தோன்றும்பொழுது கிட்டாரை உறையில் இடாமல், கார்டின் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்க. கெட்டது எந்தத் தந்தி என்பது தெரியும். அது தெரிந்தால் காரணமும் தெரியும்.

ஒலி கரகரத்தால், விரல் மெட்டிலிருந்து விலகி நிற்கிறது. அதனை மெட்டின் அருகே, தலைப்பக்கமாக ஒட்டி வைக்க. குறைந்த அழுத்தமே போதுமானதாகும்.

ஒலி எழாமல் மடிந்தால், பக்கத்து விரல் அத்தந்தியைத் தொடுகிறது. விரலை வளைத்து நுனியில் நிறுத்துக.

ஒவ்வொரு தந்தியும் தெளிவாக ஒலித்தும் கார்டு இனிக்கவில்லையெனில், சுருதி கலைந்துள்ளது. மீண்டும் சேர்க்க.

வலியிலும் இருவகை உண்டு. விரல்நுனி வலிப்பது இயல்பு. நாள்தோறும் பயின்றால் சில வாரங்களில் நுனித்தோல் தடித்து அவ்வலி நீங்கும். மணிக்கட்டோ தோளோ வலித்தால், அமரும் நிலையோ பிடிக்கும் முறையோ பிழைபட்டுள்ளது. உடனே நிறுத்தி நிலையைத் திருத்துக. முதல் வலியைப் பொறுத்தல் வேண்டும். இரண்டாம் வலியைப் பொறுத்தல் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் இரண்டு மணிநேரம் பயில்வதினும், நாள்தோறும் பதினைந்து நிமிடம் பயில்வது பயன் தரும். சுருதி சேர்க்க 3 நிமிடம். ஒவ்வொரு தந்தியிலும் 1, 2, 3, 4 என விரல்களை வரிசையாக வைத்து எடுக்க 4 நிமிடம். கார்டு மாற்ற 5 நிமிடம். மனம் விரும்பியதை வாசிக்க 3 நிமிடம். ஒரு நிமிடத்தில் பிழையின்றி எத்தனை முறை கார்டு மாற்ற முடிகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருக. மூன்றாம் வாரத்தில் செவி உணராத வளர்ச்சியை அக்குறிப்பேடு காட்டும்.

இருவர் வரலாறு

பெல்ஜியத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் இளமையிலேயே நரம்பிசைக் கருவிகளில் வல்லவர். 1928ஆம் ஆண்டு, அவருடைய 18ஆம் வயதில், அவர் வாழ்ந்த கூண்டுவண்டி தீப்பற்றியது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பெரிதும் செயலிழந்தன. அவர் வாசிக்கும் முறையையே புதிதாக அமைத்துக்கொண்டார். சுட்டுவிரலையும் நடுவிரலையும் கொண்டு விரைந்த இசையை வாசித்தார். 1934ஆம் ஆண்டு பாரிசில் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியுடன் இணைந்து தொடங்கிய இசைக்குழு உலகப் புகழ் பெற்றது.

பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, இருபது வயதைக் கடந்தபின் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். பிறர் இசையமைப்பில் கிட்டார் வாசித்தார். 1976ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வழியே இசையமைப்பாளராக அறிமுகமானார். காலந்தாழ்ந்து தொடங்குவது கற்றலுக்குத் தடையன்று என்பதை இவர் வரலாறு உணர்த்துகிறது.

விரலும் நாவும்

யாழின் தந்தியைப் பழந்தமிழர் 'நரம்பு' என்றனர். யாழை மீட்டும் விரல்தொழில்கள் எட்டினைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி பெயரிட்டுக் கூறுகிறது. உந்தல், உருட்டல், அள்ளல் என்பன அவற்றுள் சில. விரலின் ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே நோக்கிப் பெயரிட்டவர்கள், அவற்றைத் தனித்தனியே பயின்றும் இருப்பர்.

மாணவர்களே! பிற மாநிலத்தில் வளரும் உங்களுள் பலர், இந்தியையும் ஆங்கிலத்தையும் எழுதப் பழகிய பின்னரே தமிழெழுத்தைக் கற்கத் தொடங்கினீர்கள். ஊரில் உள்ள பாட்டிக்கு எழுதும் கடிதத்தில் 'ழ', 'ள', 'ல' மயங்கியபோது, "எனக்குத் தமிழ் வராது" என்று எண்ணியிருப்பீர்கள். நாவின் நுனி எங்கே செல்கிறது என்று கவனியுங்கள். 'ல' ஒலிக்கும்போது நா மேற்பல்லின் அடியைத் தொடும். 'ள' ஒலிக்கும்போது பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ' ஒலிக்கும்போது அவ்வாறே வளைந்து, அண்ணத்தை அழுந்தத் தொடாமல் வருடும். விரலுக்கு மெட்டு எவ்வாறோ, நாவுக்கு அண்ணம் அவ்வாறு. இடம் தெரிந்தபின் எஞ்சுவது நாள்தோறும் பதினைந்து நிமிடம்.

சொற்பொருள்

மெட்டு – தந்தியை அழுத்தும் இடத்தைக் குறிக்கும் குறுக்குக் கம்பி
பிருடை – தந்தியை முறுக்கும் ஆணி
அதிர்வெண் – ஒரு நொடியில் அதிரும் எண்ணிக்கை
அண்ணம் – வாயின் மேற்பகுதி
மயங்குதல் – ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல்

மொழிப்பயிற்சி

அ) ஒரு சொல் பல பொருள் தருவதுண்டு. பின்வரும் சொற்களை இசைக்கருவியைக் குறிக்கும் பொருளிலும் பிற பொருளிலும் அமைத்து, இவ்விரண்டு தொடர் எழுதுக.
குதிரை, மெட்டு, நரம்பு, தந்தி, கழுத்து

ஆ) 'ஆதலால்', 'ஏனெனில்' ஆகியவற்றைப் பயன்படுத்திக் காரணம் விளங்கத் தொடர்களை இணைக்க.
எ.கா. விரல் மெட்டிலிருந்து விலகியிருந்தது. ஆதலால் ஒலி கரகரத்தது.
1. பக்கத்து விரல் தந்தியைத் தொட்டது. ஒலி எழவில்லை.
2. அவள் பயிற்சியை உடனே நிறுத்தினாள். மணிக்கட்டு வலித்தது.
3. தந்தியின் நீளம் பாதியானது. அதிர்வெண் இரட்டித்தது.

மதிப்பீடு

1. பழைய கிட்டாரை வாங்குமுன் சோதிக்க வேண்டியது யாது?
2. இ மேஜரும் ஏ மைனரும் எவ்வகையில் ஒத்தவை?
3. பொறுக்கத்தக்க வலி எது? பொறுக்கத் தகாத வலி எது? ஏன்?
4. "எனக்கு வராது" என்று கூறும் நண்பனுக்கு அறிவுரை கூறிப் பத்து வரிகளில் கடிதம் எழுதுக.

செயல்பாடு

கிட்டார் இல்லாதோர், மூடியில்லாத அட்டைப்பெட்டியின் மீது தடித்ததும் மெல்லியதுமான இரண்டு ரப்பர் வளையங்களை இழுத்து மாட்டுக. அடியில் பென்சிலை வைத்து நகர்த்தி, நீளம் குறையும்போது ஒலி எவ்வாறு மாறுகிறது என்பதைக் கேட்டு, கண்டறிந்ததை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படிக்க.