கோலா, கைப்பாவையா? குழந்தைகள் மேஜிக் ஷோவுக்கு எதை வாங்குவது

பிறந்தநாள் விழாக்களிலும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் மேஜிக் ஷோ செய்யத் தொடங்குகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். கையில் இருக்கிற பணத்துக்கு நாலைந்து காமெடி அயிட்டம் வாங்கலாமா, அல்லது அதே பணத்தில் நல்ல பொம்மையாக ஒன்றை வாங்கிப் பழகலாமா? கடைக்காரர் இரண்டையும் வாங்கச் சொல்வார். பெட்டியில் அயிட்டம் சேரும், ஷோ சேராது. எது குழந்தைகளை எப்படிச் சிரிக்க வைக்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டால் எதை முதலில் வாங்குவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

காமெடி அயிட்டங்களில் எல்லாரும் முதலில் வாங்குவது உடையும் மந்திரக்கோல். துளையுள்ள குழாய்த் துண்டுகளை ஒரே கயிற்றில் கோத்திருப்பார்கள். கயிற்றின் முனையை இழுத்துப் பிடித்திருக்கும்வரை கோல் விறைப்பாக நிற்கும். பிடியைத் தளர்த்தினால் துண்டு துண்டாகத் தொங்கிவிடும். இதில் வித்தையெல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. குழந்தையின் விரல்கள் கோலைச் சுற்றி நன்றாக மூடியபிறகே கயிற்றை விட வேண்டும். அரை நொடி முந்தினாலும் கோல் உங்கள் கையிலேயே சரிந்துவிடும், சிரிப்பும் போய்விடும். குழந்தை திருப்பிக் கொடுத்ததும் கோல் மறுபடி விறைக்க வேண்டும், மறுபடி அதன் கைக்குப் போனதும் தொங்க வேண்டும்.

அந்த நொடியில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது அயிட்டத்தைவிட முக்கியம். பலரும் குரலை உயர்த்தி, "ஐயய்யோ, உடைச்சிட்டியே!" என்பார்கள். பெரியவர்கள் சிரிப்பார்கள். மேடையில் நிற்கிற நாலு வயதுக் குழந்தையோ வீட்டில் டம்ளர் உடைத்து அடி வாங்கியதை நினைத்துக்கொள்ளும், உதடு பிதுங்கும். அதையே, "என் கோலுக்கு என்னாச்சு? என்கிட்ட நல்லாத்தானே இருந்துச்சு!" என்று உங்கள்மேல் போட்டுக்கொண்டால் குழந்தை ராஜாவாகிவிடும். குழந்தைகள் ஷோவில் ஏமாறுகிறவர் மேஜிஷியனாக இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. எந்த அயிட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இதில் சிரிப்புக்கு ஆளாவது யார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டால் கடையில் பாதி அலமாரியைத் தாண்டிப் போய்விடலாம். டப்பாவைத் திறந்தால் சீறிப் பாயும் ஸ்பிரிங் பாம்பு, தொட்டால் ஷாக் அடிக்கும் பேனா, முகத்தில் தண்ணீர் பீய்ச்சும் பூ எல்லாம் குழந்தையைப் பயமுறுத்தியோ நனைத்தோதான் சிரிப்பு வாங்குகின்றன. பாம்பு டப்பாவை நீங்களே திறந்து நீங்களே பயந்து ஓடினால் மட்டும் அது நல்ல அயிட்டம். ஒரு பக்கமாக விரித்தால் ஒழுங்காக விரிந்து, எதிர்ப்பக்கமாக விரித்தால் சிதறித் தொங்கும் விசிறியைத் தாராளமாக வாங்கலாம். கோலுக்கு அது நல்ல ஜோடி.

இந்த அயிட்டங்களின் பலம், மொழி வேண்டாம் என்பது. தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் குழந்தைகள் கலந்து உட்கார்ந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு விழாவில் உடையும் கோலுக்கு விளக்கவுரை தேவைப்படாது. பலவீனம், ஆயுள் குறைவு. மூன்று முறை உடைந்தபிறகு நாலாவது முறை அந்தச் சிரிப்பு வராது.

இன்னொரு வகை அயிட்டத்துக்கு ஆயுள் அதிகம். குழந்தைகளுக்குத் தெரிகிற ஒன்று மேஜிஷியனுக்கு மட்டும் தெரியாமல் நடக்கும் வகை அது. உலகெங்கும் குழந்தைகள் ஷோ செய்கிறவர்கள் வைத்திருக்கும் 'ஹிப்பிட்டி ஹாப்' முயல்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கறுப்பு முயல், ஒரு வெள்ளை முயல், இரண்டும் பலகையில் செய்தவை. ஆளுக்கொரு மூடி போட்டு மூடித் திறந்தால் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு. இரண்டாம் முறை மாறும்போதே பின்வரிசையில் ஒருவன் எழுந்துவிடுவான்: "அங்கிள், திருப்பிக் காட்டுங்க!" ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். நீங்கள் காது கேட்காததுபோல் இருக்க வேண்டும். பிறகு, திருப்பச் சொன்னதற்கு நீங்களே ஒரு சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். அதற்குள் மொத்தக் கூட்டமும் "முயலைத் திருப்புங்க!" என்று கத்த ஆரம்பித்திருக்கும். கடைசியில் திருப்பினால் ஒரு முயலின் முதுகு சிவப்பு, இன்னொன்றின் முதுகு மஞ்சள்!

அந்தப் பையனின் கணக்கு நியாயமான கணக்கு. மேஜிஷியனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை அவனுக்குக் கிடைக்கிறது, அதன் உச்சியிலேயே எதிர்பாராத ஒன்றும் கிடைக்கிறது. செப்படி வித்தையில் எத்தனை கைத்திறமை காட்டினாலும் ஆறு முதல் பத்து வயதுக்காரர்களிடம் இந்த ஆரவாரம் வராது. ஐந்துக்குக் கீழே போனால் இந்தத் தர்க்கம் எட்டாது. அவர்களுக்கு முயல் இடம் மாறியதே போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த அயிட்டம் கிளப்பும் சத்தத்தை அடக்குவது எளிதல்ல. இருநூறு குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் பள்ளி அரங்கில் ஷோவின் தொடக்கத்திலேயே இதைச் செய்தால் பிறகு உங்கள் குரல் எடுபடாது. ஷோவின் பிற்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நான் கையைத் தூக்கினால் எல்லாரும் கப்சிப் என்று முன்பே ஒரு விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள்.

பொம்மைக்கு வருவோம். கோல் உடைந்ததும் அதன் வேலை முடிந்தது. பொம்மையோ ஷோ முழுக்கக் கூடவே இருக்கும். அதற்கு ஆசை உண்டு, பயம் உண்டு, திருட்டுத்தனம் உண்டு. நீங்கள் செய்யக்கூடாத குறும்பை அது செய்யலாம். நம் தோல்பாவைக் கூத்தில் ராமாயணக் கதைக்கு நடுவே கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து நிற்கும்போது கூட்டம் நிமிர்ந்து உட்கார்வது இதனால்தான். கதை யாருடையதாக இருந்தாலும் குழந்தைகள் தங்கள் ஆளாகப் பிடித்துக்கொள்வது குறும்புக்காரனை.

கைப்பாவை வாங்குவதென்றால் மூன்று வழி இருக்கிறது. பேசாமல் உங்கள் காதில் கிசுகிசுக்கும் பொம்மை, வாய் திறந்து பேசும் பொம்மை, பேச்சே இல்லாமல் துள்ளும் ஸ்பிரிங் பிராணி.

தொடங்குகிறவர்களுக்கு முதலாவதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதற்கு நல்ல முன்னோடி இங்கிலாந்தில் இருக்கிறது. ஹாரி கார்பெட் என்பவர் 1948-இல் பிளாக்பூல் கடற்பாலத்தில் இருந்த கடை ஒன்றில் ஒரு மஞ்சள் கரடிக் கைப்பாவை வாங்கினார். மேஜிக்கில் ஈடுபாடு உள்ளவர் அவர். கறுப்பு வெள்ளை டிவியில் எடுப்பாகத் தெரிய அதன் காதிலும் மூக்கிலும் கரியைப் பூசி 'சூட்டி' என்று பெயர் வைத்தார். 1952 முதல் பிபிசியில் வந்த சூட்டி ரசிகர்களிடம் வாய் திறந்து பேசியதில்லை. அவர் காதில் ஏதோ சொல்லும், அவர் அதை எடுத்துச் சொல்வார். மந்திரக்கோலைத் தட்டும், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும், எல்லாம் அவர் தலையில் விடியும். ஒருவர் பேசி, ஒருவர் காதில் சொல்லி, கோடிக்கணக்கான குழந்தைகளை அது சிரிக்க வைத்தது.

இந்த முறைக்குக் குரல் பயிற்சி தேவையில்லை. பொம்மை உங்கள் காதருகே சாயட்டும், தலை இரண்டு முறை அசையட்டும், நீங்கள் முகத்தைச் சுளித்து, "அதெல்லாம் இங்கே சொல்லக்கூடாது" என்று சொல்லுங்கள். முன்வரிசையில் ஒரு குழந்தையாவது தன் காதை நீட்டிவிடும். என்ன சொன்னது என்று கேட்டுக் கூட்டமே கெஞ்சும். "கேக்கை இப்பவே வெட்டணுமாம்!" என்று நீங்கள் போட்டுக்கொடுத்ததும் பொம்மை வெட்கப்பட்டு உங்கள் தோளுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கும் இது புரியும்.

பேசும் பொம்மையின் மதிப்பு இதைவிடப் பெரியது, உழைப்பும் பெரியது. கே. பாலசந்தரின் 'அவர்கள்' (1977) படத்தில் கமல்ஹாசனோடு வந்த ஜூனியர் என்ற பேசும் பொம்மையைப் பார்த்து இந்தக் கலையின்மேல் ஆசை வந்தவர்கள் நம்மில் பலர். அமெரிக்காவில் ஷாரி லூயிஸ் 1956-இல் டிவிக்குக் கொண்டுவந்த 'லாம்ப் சாப்' ஆட்டுக்குட்டி ஒரு காலுறை போன்ற எளிய பொம்மைதான். ஷாரியின் அப்பா மேஜிஷியன். அந்த வீட்டில் மேஜிக்கும் பொம்மையும் சேர்ந்தே வளர்ந்தன. ஆனால் உதடு அசையாமல் பேசப் பல மாதப் பயிற்சி வேண்டும், தமிழில் பேசுகிறவர்களுக்கு அதில் தனிச் சிக்கலும் உண்டு. ப, ம, வ மூன்றும் உதடு இல்லாமல் பிறக்காது. உ, ஓ போன்றவற்றுக்கு உதடு குவியும். குழந்தைகள் அதிகம் எதிர்பார்க்கும் அம்மா, அப்பா, மாமா, பாப்பா, தம்பி எல்லாமே பொம்மை வாயில் மாட்டிக்கொள்ளும். 'ப' வரும் இடத்தில் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துத் 'த' போலவும், 'ம' வரும் இடத்தில் 'ன' போலவும் சொல்லிப் பழகுவது வழக்கம். அதைவிட வசனத்தை மாற்றி எழுதுவது புத்திசாலித்தனம். தாத்தா, அக்கா, அண்ணா, டீச்சர், லட்டு, சட்னி, சாக்லேட் எல்லாம் உதட்டைத் தொடாத சொற்கள். "கேக் எங்க?" என்பதைக் காட்டிலும் ஒரு பொம்மைக்கு வசதியான வசனம் கிடையாது. பெயரையும் கிட்டு, நந்து என்று வையுங்கள், பப்லு வேண்டாம். 'ஹேப்பி பர்த்டே' பாட்டைக் குழந்தைகள் பாடட்டும், பொம்மை தலையாட்டினால் போதும்.

ஸ்பிரிங் பிராணி தனி ரகம். ரோமத்தோலுக்குள் சுருள்கம்பி இருக்கும், வயிற்றுப் பக்கம் பிடித்து லேசாக அழுத்தித் தளர்த்தினால் உயிருள்ளதுபோல் நெளியும், தாவும். அமெரிக்க மேஜிஷியன் டேவிட் வில்லியம்சனின் ரக்கூன் இதில் பெயர் பெற்றது. நம் ஊர்க் குழந்தைக்கு ரக்கூன் தெரியாது. கீரிப்பிள்ளை என்று சொல்லுங்கள், போதும். கீரி பாம்புச் சண்டை காட்டுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்த மோடி மஸ்தான்களை அந்தக் குழந்தையின் தாத்தா பார்த்திருப்பார், அவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கைப்பாவையைச் 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். கீரி உண்மையா பொய்யா என்று சண்டை போடுவதற்கு அவர்கள் தயார்.

உயிருள்ள முயலையோ புறாவையோ பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001-இல் வந்த விதிகள், நிகழ்ச்சிகளில் பயன்படும் விலங்குகளைப் பதிவு செய்யச் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், நாற்பது குழந்தைகள் கத்துகிற ஹாலில் ஒரு முயலுக்கு என்ன வேலை? பொம்மை முயல் அதைவிட நன்றாக நடிக்கும்.

இடத்தையும் பார்க்க வேண்டும். வீட்டு ஹாலிலும் சிறு மண்டபத்திலும் பொம்மைக்கு நிகர் இல்லை. பள்ளி மைதானத்தில் முந்நூறு பேர் என்றால் கைப்பாவையின் தலையசைப்பு பின்வரிசைக்கு எட்டாது. அங்கே பெரிய முயல் பலகைகளும் விசிறியும்தான் கைகொடுக்கும். காலர் மைக் போட்டிருந்தால் பொம்மையைக் காதருகே கொண்டுவரும்போது ரோமம் உரசி ஸ்பீக்கரில் கரகரக்கும், எதிர்ப்பக்கக் காதைப் பழக்குங்கள். பொம்மை ஏறிய கை வேறு எதற்கும் உதவாது என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு கை தேவைப்படும் வித்தைக்கு ஒரு குழந்தையை அழைத்துப் பையைப் பிடிக்கச் சொல்லலாம், அதுவே நல்ல காட்சியாகிவிடும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் முகத்துக்கு நேரே எந்தப் பொம்மையையும் நீட்டாதீர்கள். பொம்மை பயந்து ஒளியட்டும், குழந்தை தானே தேடி வரும். சிறிய பஞ்சுப் பந்துகளையும் வெடித்த பலூன் துண்டுகளையும் தரையில் விட்டுவைக்கக் கூடாது. வாயில் போட்டால் மூச்சை அடைக்கும்.

என்னைக் கேட்டால், வீட்டுப் பிறந்தநாள் விழாக்கள் செய்யப்போகிறவர் முதலில் கிசுகிசுக்கும் கைப்பாவை ஒன்றையும் உடையும் கோல் ஒன்றையும் வாங்கட்டும். பள்ளிகளைக் குறிவைப்பவர் முயல் பலகைகளிலிருந்து தொடங்கட்டும். பேசும் பொம்மை ஒரு வருடம் கழித்து வரட்டும்.

பொம்மை வாங்கும்போது கடையிலேயே கையில் மாட்டி, போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். அதன் கண் உங்களைப் பார்க்க வேண்டும், மேல்கூரையைப் பார்க்கக் கூடாது. உறை முழங்கை வரை வர வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு தெரிந்துவிடும். பத்து நிமிடம் தூக்கி வைத்துப் பார்த்து, தோள் வலிக்கிறதா என்று கவனியுங்கள். கோலில் கயிறு எளிதாக மாற்றும்படி கோத்திருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் தேய்வது அதுதான், பெட்டியில் மாற்றுக் கயிறு எப்போதும் இருக்கட்டும்.